ஒன்றரைப் பக்கம்

போர்ட் எண் ஏழாயிரத்து எழுபது. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, பதினான்கு வருஷமாக அதே எண்தான், பழைய மெஷின் செத்துப் புது மெஷின் வந்துவிட்டது என்பதற்காக வாசலை இடம் மாற்ற முடியாது, கேட்கும் அறையில் இருக்கிற ஆறு கம்ப்யூட்டர்களும் அந்த வாசலில் வந்துதான் நிற்கும். சவரிமுத்து அந்த வரியை அடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மணி ஒன்று நாற்பது. மூன்று மணிக்குக் கேட்கும் அறை திறக்க வேண்டும், நாலு நாளாகத் திறக்கவில்லை. உறையூரில் ஒரு மாடி, கீழே தையல் மெஷின் ரிப்பேர் கடை, மேலே பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம். நாலு நாளுக்கு முன் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் மெஷின் கருகிவிட்டது, நல்லவேளையாகப் புத்தகங்கள் இருந்த டிஸ்க் தனியாக இருந்ததால் பிழைத்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், யார் யாரோ வந்து உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் கொடுத்தவை. அவற்றை ஒரு மெஷினில் வைத்துக்கொண்டு ஆறு பேர் கேட்டால் ஆறு பேருக்கும் துண்டு துண்டாக எடுத்து அனுப்புகிற வேலையைச் செய்ய சி மொழியில் அவரே எழுதிய நிரல் ஒன்று, செவியன் என்று பெயர், திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி நிரலுக்கு டீமன், அதாவது பிசாசு, என்று பெயர் என்று சொன்னபோது மனைவி ஞானசௌந்தரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “ஏங்க, வேற பேரே கிடைக்கலையா அவனுங்களுக்கு, ஃபாதர் காதுல விழுந்தா வீட்ட மந்திரிக்க வந்துருவாரு” என்றாள். அதனால்தான் செவியன். அவள் வைத்த பெயர்.

இரண்டாவது வரி, புத்தகங்கள் இருக்கும் ஃபோல்டர். பழைய மெஷினில் இருந்த செட்டிங் ஃபைல் மெஷினோடு போய்விட்டது, வீட்டில் பென் டிரைவில் இருந்தது நிரல் மட்டும்தான், எனவே ஒவ்வொரு வரியாக நினைவிலிருந்து எழுத வேண்டும். இப்போது உட்கார்ந்திருப்பதே அந்த டிஸ்குக்குள்தானே என்று ‘நூல்கள்’ என்று மட்டும் அடித்தார். முழு விலாசம் எழுதச் சோம்பல், வீட்டுக்குள் நின்றுகொண்டு அடுப்படிக்கு வழி கேட்பது மாதிரி இருக்கிறது. மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர். ஆறு. இல்லை, எட்டு வைப்போம், இரண்டு கூடவே இருக்கட்டும், மில்லில் ஃபியூஸ் போடும்போதும் இப்படித்தான் கொஞ்சம் தாராளமாகப் போடுவார், மில்லில் எலக்ட்ரீஷியனாக இருபத்தாறு வருஷம், அங்கே நூற்பதற்குக் கம்ப்யூட்டர் வைத்த ரிங் ஃபிரேம் வந்தபோது அதன் பெட்டியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம் இது. சி மொழியைக் கற்றது ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தில். யாரோ நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் பாயின்டர் என்றால் என்ன என்று இருந்திருக்கிறது, அது தெரியாமல் இரண்டு வருஷம் நிரல் எழுதினார், எல்லாம் ஓடும், ஏன் ஓடுகிறது என்று தெரியாது, நிற்கும், ஏன் நிற்கிறது என்றும் தெரியாது. ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு இரண்டு வருஷம். பக்கம் என்று நினைத்ததும் மனசு போக வேண்டிய இடத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. நாலாவது வரி. அந்த வரிக்கு ‘மறை’ என்று பெயர், டிஸ்கில் இருக்கிற எந்த ஃபைலைக் கேட்பவர்கள் கண்ணில், கண்ணில் என்று சொல்லக் கூடாது, கையில், படாமல் வைக்க வேண்டுமோ அதை அங்கே எழுத வேண்டும். இந்த ஒரு வசதியை மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் சேர்த்தார். ஒரே ஒரு ஃபைலுக்காக.

“என்னண்ணே, அடிக்கிற சத்தத்தக் காணோம். தூங்கிட்டீங்களா?” மைமூன் வாசற்படியில் நின்றிருந்தாள். நூலகத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான், பிறவியிலேயே பார்வை கிடையாது, நாற்பது வயது, எவர் எத்தனை அடி தூரத்தில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் தப்பாது. “யோசிக்கிறேன்” என்றார். “யோசிச்சா மூணு மணிக்குத் தொறக்குமா? ரெண்டரைக்கே பெரியதம்பி வாத்தியார் வந்து படியில உக்காந்துக்குவாரு. மெஷின் போன நாளுலேருந்து எங்கிட்டப் பேசுறதில்ல, ஏதோ நான்தான் விஷம் வச்ச மாதிரி.” அவர் சிரித்தார். அவள் போகவில்லை. கதவுச் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே நின்றாள், ஏதோ சொல்ல வந்திருக்கிறாள், அவர் திரையைப் பார்த்தார். “அந்தக் கலங்கரை விளக்கப் புத்தகம் இருக்குல்ல, சௌந்தரி அக்கா படிச்சது. பாதியில நிக்கிற புத்தகம் எதுவும் இனிமே வேணாம்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. இந்த மாசத்தோட அதை எடுத்துட்டு, வேற பொண்ணு முதல்லேருந்து படிக்கப் போகுது.” “எந்தப் பொண்ணு?” “பேங்க்ல வேல பாக்குது. நல்லாத்தான் படிக்குது. அக்கா மாதிரி வராது. ஆனா கடைசி வரைக்கும் படிச்சுக் குடுக்கும்ல.” கொஞ்சம் பொறுத்து, “ஒரே ஒரு அத்தியாயம்ணே. பன்னெண்டு நெசமாவே பதிவு பண்ணலையா?” என்றாள். “இல்லம்மா.” இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இதே குரலில்தான் சொன்னோமா என்று அவருக்கு நினைவில்லை. “சரி, அடிங்க” என்று அவள் போய்விட்டாள்.

அடித்தார். மறை, நூல்கள், கலங்கரை, பன்னிரண்டு. அடித்ததும் ஒரு நிம்மதி வந்தது, வந்த வேகத்தில் போனது. பதினெட்டு நிமிஷ ஃபைல். அவர் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். சித்திரை மாசம், பக்கத்து அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை விரிப்பு ஆணியடித்துத் தொங்கும், ஃபேன் போடக் கூடாது, அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துவிட்டு, எல்லா அத்தியாயத்துக்கும் சொல்வது மாதிரி புத்தகத்தின் பெயர், அத்தியாயத்தின் எண், வாசிப்பவர் ஞானசௌந்தரி என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். வேளாங்கண்ணியில் பார்த்ததைத் தவிர வேறு கடலைப் பார்க்காதவள் அலை அடிக்கிற இடத்தில் குரலை இறக்குவாள், எங்கே கற்றாளோ. அவர் காதில் ஹெட்ஃபோன், எதிரே பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும். பதினாலாவது நிமிஷம். அது பதினாலு என்று எப்படித் தெரியும் என்றால் அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல, ஓடுகிற எண்ணை. “மூச்சு வாங்குதுங்க, நாளைக்கு வச்சுக்கலாமா” என்றாள். “இன்னும் ஒன்றரைப் பக்கம்தான், முடிச்சிடு” என்றார். பதிவை நிறுத்தாமலே சொன்னார். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார், அப்புறம் என்று ஒன்று இருக்கும் என்று. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது, இருதயத்தில் வால்வு ஏற்கெனவே கெட்டிருக்கிறது. டாக்டரிடம் கேட்டார். “உரக்கப் படிச்சா இது கூடிப்போகுமா சார்?” “படிக்கிறதால ஒண்ணும் ஆகாதுங்க.” இரண்டாவது தடவை வேறு டாக்டரிடம் கேட்டார், அவரும் அதையே சொன்னார், மூன்றாவது ஆளிடம் கேட்கப் போன இடத்தில் டோக்கன் வாங்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மறைக்காமல் விட்டால் ஆறு பேர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு மனுஷன் மூச்சு முட்டுகிற பெண்டாட்டியைப் பார்த்து முடிச்சிடு என்று சொல்வதைக் கேட்பார்கள். பார்வை இல்லாதவர்கள். குரலில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகாது. வெட்டலாம். வெட்ட வேண்டுமென்றால் கேட்க வேண்டும்.

நிரலைப் புது மெஷினுக்குப் புரியும்படி கம்பைல் செய்தார். புதுக் கம்பைலர் அவர் காலத்துச் சிக்கன எழுத்தைப் பார்த்து ஒன்பது இடத்தில் முணுமுணுத்தது, ஆனால் விட்டுவிட்டது. முதலில் திரையிலேயே ஓட விட்டுப் பார்த்தார், எது நடந்தாலும் கண்ணெதிரே எழுதும், அதுதான் அவர் வழக்கம். செவியன் தயார் என்றது. தன் மேஜையிலிருந்தே ஒரு புத்தகத்தைக் கேட்டார், கொடுத்தது. கலங்கரையைக் கேட்டார், பதினோரு அத்தியாயம் காட்டியது, பன்னிரண்டு இல்லை. சரி. நிறுத்தினார். இனி பின்னால் ஓட வேண்டியதுதான். பின்னால் போகும்போது அது செய்கிற காரியங்களை முதன்முதலில் படித்தபோது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. நிரல் தன்னைப்போலவே ஒன்றைப் பெற்றெடுக்கும், பெற்ற தாய் உடனே செத்துவிடும், பிள்ளை யாரோடும் ஒட்டில்லாமல் தனியாகப் பிரிந்து, இருந்த இடத்தை விட்டு மெஷினின் வேர் ஃபோல்டருக்குப் போய், கேட்கிற பேசுகிற வழியையெல்லாம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் வாசலில் யாராவது தட்டினால்தான் உண்டு. சௌந்தரி போன பிறகு முதல் ஆறு மாசம் அவர் அப்படித்தான் இருந்தார் என்று தங்கச்சி சொன்னாள், வேறு வார்த்தையில். என்டர் தட்டினார். திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தது. நடப்பதையெல்லாம் அது எழுதி வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால், நூல்கள் ஃபோல்டர் இல்லை, நிறுத்தப்படுகிறது. மணி இரண்டு பத்து. இல்லையா, இப்போதுதானே இருந்தது. டிஸ்க் கழன்றுவிட்டதா, இல்லை, டிஸ்க் இருக்கிறது, அறுநூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன, வயரைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி தட்டினார், மறுபடி இல்லை. அப்புறம்தான் உறைத்தது. இடம் மாறிப்போன பிறகு அங்கிருந்து ‘நூல்கள்’ என்றால் அதற்கு எங்கே தெரியும், அடுப்படி எது என்று வீட்டுக்குள் நிற்பவனுக்குச் சொல்லலாம், ஊரை விட்டுப் போனவனுக்குத் தெருவும் கதவு எண்ணும் வேண்டும். பதினான்கு வருஷத்துக்கு முன் முதல் நாள் செய்த அதே தப்பு. அன்றைக்கு ஒரு பகல் முழுக்கத் தேடினார், சௌந்தரி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃபோல்டர் வரியில் முழு விலாசத்தையும் எழுதி மூடினார்.

மறுபடி தட்டினார். இந்தத் தடவை வேறு. செவியன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, எண் 2217. எங்கே ஓடுகிறது, மெஷின் புதுசு, 2217 என்று இதில் எதுவும் இல்லை. பார்த்தால் பழைய சீட்டு. பின்னால் ஓடப் போகும்போது மட்டும் நிரல் தன் எண்ணை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும், இன்னொன்று எழும்பாமல் இருக்க, ஒழுங்காகப் படுக்கும்போது அதைத் தானே அழித்துவிட்டுப் படுக்கும். அன்றைக்கு மின்சாரம் அடித்ததில் அழிக்க நேரம் இருந்திருக்காது. சீட்டு புத்தக டிஸ்கில் அப்படியே இருக்கிறது. அழிக்க வேண்டியதுதான், ஒரு வரி. விரல் மேலே நின்றது. ரேஷன் கார்டில் பெயர் எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் மூன்று தடவை சொல்லிவிட்டார், அடுத்த மாசம் என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருஷம், கடையில் பெயரைக் கூப்பிட்டால் இவர் போய் நிற்பார். கேஸ் புத்தகத்திலும் அவள் பெயர்தான். வீட்டுக்குள் ஆள் இருப்பதாக எங்கெங்கோ எழுதியிருக்கிறது. அந்த எண்ணில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லும்படி நாலு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை, சீட்டு இருந்தால் ஆள் இருக்கிறது என்று நம்பிவிடும்படி எழுதிவிட்டார். அழித்தார். தட்டினார். லாக் ஃபைலில் செவியன் எழும்பியது, எண் 1894, காத்திருக்கிறது என்று வந்தது. மணி இரண்டு முப்பத்து மூன்று. முதுகு நாற்காலியில் சாய்ந்தது. “மைமூன், ஆயிருச்சும்மா, ஒரு மெஷின்ல பாரு” என்று குரல் கொடுத்தார். “அல்ஹம்துலில்லாஹ். வாத்தியார் இனிமே எங்கிட்டப் பேசுவாரு” என்று அந்தப் பக்கமிருந்து வந்தது, நாற்காலி இழுபடும் சத்தமும்.

லாக்கில் வரிகள் வர ஆரம்பித்தன. மூன்றாம் மெஷின் வந்தது. மூன்றாம் மெஷின் பட்டியல் கேட்டது. அவர் கொண்டுவந்திருந்த மோரைக் குடித்துக்கொண்டே பார்த்தார், ஒரு ஆள் வீட்டுக்குள் நடமாடுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிற சுகம் அதில் உண்டு. மூன்றாம் மெஷின், கலங்கரை, பதினொன்று திறந்தது. எடுக்கப் போகிற புத்தகத்தைக் கடைசியாகக் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறாள் போலிருக்கிறது. பதினொன்று மூடியது. கலங்கரை, பன்னிரண்டு திறந்தது. மோர் டம்ளர் உதட்டிலேயே நின்றது. இரண்டு முப்பத்து ஐந்து. மறை வரி இருக்கிறதே. செட்டிங் ஃபைலைத் திறந்தார், இருக்கிறது, மறை, நூல்கள், கலங்கரை, பன்னிரண்டு. நூல்கள். முழு விலாசம் இல்லை. ஃபோல்டர் வரியைத் திருத்தியவர் இதைத் திருத்தவில்லை, வேருக்குப் போய் நின்றுகொண்டு நிரல் அப்படி ஒரு ஃபைலைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, கிடைக்காததை என்ன மறைப்பது என்று பேசாமல் தாண்டிப் போய்விட்டது, அப்படித்தான் எழுதியிருக்கிறார், ஃபோல்டர் இல்லாவிட்டால் கத்தும், மறைக்க வேண்டியது இல்லாவிட்டால் கத்தாது. கொல்லச் சொல்லும் கட்டளையை அடித்தார், கில் 1894. என்டர் மட்டும் பாக்கி. துண்டு துண்டாகத்தான் போகிறது, இப்போது நிறுத்தினால் இரண்டு நிமிஷத்தோடு நின்றுவிடும், மெஷின் படுத்துவிட்டது, மறுபடி எழுப்புகிறேன் என்று சொல்லலாம், மூன்று மணிக்குள் திருத்திவிடலாம். ஆனால் வாசிப்பவர் ஞானசௌந்தரி என்பதை அவள் கேட்டிருப்பாள். பன்னிரண்டாம் அத்தியாயம் என்பதையும். இருக்கிறது என்று தெரிந்தாயிற்று, இல்லம்மா என்று அவர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நாற்பது. கீழே கடையில் யாரோ ஒரு தையல் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள், கடகடவென்று ஓடி நின்றது. இப்போது அலை வருகிற இடமாக இருக்கும். என்டர் மேல் விரல் இருந்தது, எடுத்தார், வைத்தார். நிறுத்தினால் இந்த மாசக் கடைசியில் பேங்க் பெண் முதலிலிருந்து படிப்பாள், பதினோரு அத்தியாயமாக இருக்கிற சௌந்தரி போய்விடுவாள், அறுநூற்றுப் பன்னிரண்டில் அவள் படித்தது இந்த ஒன்று மட்டும்தான். நிறுத்தாவிட்டால் பதினாலாவது நிமிஷம் வரும். இரண்டு நாற்பத்து நாலு. எழுந்து போய் ஹெட்ஃபோனைக் கழற்றி வாங்கிவிட்டால் என்ன, என்ன சொல்லி வாங்குவது. படியில் ஊன்றுகோல் சத்தம், வாத்தியார். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. அடுத்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. நாற்பத்தொன்பது என்று எண் மாறியபோது அவருக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடிக்கொண்டார், ஐம்பத்து மூன்று வரைக்கும் மூடியே இருந்தார் போல, திறந்தபோது பன்னிரண்டு மூடியது என்று லாக்கில் ஒரு வரி இருந்தது.

“அண்ணே.” எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. “ம்.” “பன்னெண்டு இருக்கு.” அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “ரெண்டு வருசமா எல்லார்கிட்டயும் அக்கா முடிக்கலைன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். என்னை இப்படிப் பொய்க்காரியாக்கிட்டீங்களே.” “அதுல என் குரல் வருதும்மா.” “வருது. இன்னும் ஒன்றரைப் பக்கம்தான், முடிச்சிடுங்கறீங்க.” சொன்ன மாதிரியே சொன்னாள், அந்த இழுப்போடு. “அதுக்குத்தான்” என்றார். மைமூன் கதவுச் சட்டத்தைத் தட்டவில்லை. “அதுக்கு அக்கா என்ன சொல்றாங்க?” அவர் யோசித்தார். முடிச்சிடு, அதற்கப்புறம் என்ன, பச்சைக் கோடு, எண், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல். நடுவில் ஒன்றும் இல்லை, பிரதி எடுக்காமல் விட்ட பக்கம் மாதிரி. “தெரியல” என்றார். “அப்ப நீங்க கேக்கவே இல்ல. ‘ஒன்றரைப் பக்கத்த நான் படிச்சுக்கறேன், நீங்க மொதல்ல எந்திரிச்சுக் கதவச் சாத்துங்க, கீழ மெஷின் சத்தம் பூரா உள்ள வருது, கேக்குறவங்களுக்கு என்ன புரியும்’ங்கறாங்க. நல்லாத் திட்டுறாங்க. நீங்க செருப்பு தேய எந்திரிச்சுப் போறீங்க. கதவு சத்தம். அவங்க தண்ணி குடிக்கிறாங்க. அப்புறம் படிக்கிறாங்க.” “மூச்சு வாங்குதா?” “வாங்குது. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நாலு எடத்துல நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாங்க. பன்னிரண்டாம் அத்தியாயம் முடிவடைகிறதுன்னு அவங்களே சொல்லி முடிக்கிறாங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி சட்டை நுனியில் துடைத்தார். “வெட்டணும்னா நீங்களே வெட்டிக்கங்க. நான் வெட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள், நடையில் வாத்தியாரின் குரல், “என்னம்மா, உசுரு வந்துருச்சா உங்க மெஷினுக்கு?” “வந்துருச்சு வாங்க, கலங்கரை கடைசி அத்தியாயமும் வந்துருச்சு.” “கெடைச்சிருச்சா? எங்கம்மா இருந்துச்சு இத்தன நாளு?” “இங்கதான் இருந்திருக்கு, வாங்க.”

கில் 1894 என்பதை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் வந்து அழித்தார். செட்டிங் ஃபைலைத் திறந்து நாலாவது வரியை எடுத்தார், அது ஏற்கெனவே எதையும் மறைக்காத வரிதான், இருந்தாலும் எடுத்தார். செட்டிங்கை மறுபடி படித்துக்கொள் என்று செவியனுக்குச் சொன்னார், படித்துக்கொண்டது, மறைத்தவை ஏதுமில்லை என்று லாக்கில் எழுதியது. இரண்டாம் மெஷின் வந்தது. கலங்கரை, பன்னிரண்டு திறந்தது. வாத்தியார். சவரிமுத்து மேஜை டிராயரிலிருந்து பழைய ஹெட்ஃபோனை எடுத்துத் தூசியை ஊதி மாட்டிக்கொண்டார், தன் மெஷினிலிருந்தும் அதையே கேட்டார், காதில் முதலில் வெறும் அறையின் சத்தம், யாரோ புடவையை இழுத்துச் செருகுகிற சத்தம், அப்புறம் புத்தகத்தின் பெயர், பன்னிரண்டாம் அத்தியாயம், வாசிப்பவர். அவர் நிறுத்தினார். கீழே கடையில் மறுபடி மெஷினை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பு தேய எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.